ஆஸ்பெர்ஜரும் மாஸ்கிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம் (பிறரோடு பழகும் விதமும் புலன் உணர்வும் சிறுவயது முதலே மற்றவர்களிலிருந்து வேறுபட்டிருக்கும் நிலை) இருப்பதே முப்பது, நாற்பது வயதில்தான் தெரியவந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அடிப்படை தெரிந்தவர்கள் 6ஆவது கேள்விக்கு நேராகப் போகலாம்.

1. ஆஸ்பெர்ஜர்னு சிலர் சொல்றாங்க, ஆட்டிசம்னு சிலர் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

இன்றைய மருத்துவக் கணக்கில் ஒன்றுதான். வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944இல் எழுதியதை அடிப்படையாக வைத்து, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம் 1994இல் இதைத் தனியாகச் சேர்த்தது; 2013இல் வந்த டிஎஸ்எம்-5 ஆட்டிசத்துக்குள் கொண்டுபோய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11லும் தனிப் பெயர் கிடையாது. பழைய ரிப்போர்ட்டில் ஆஸ்பெர்ஜர் என்று இருந்தால் அது வீணாகிவிடாது. அதை ஆட்டிசம் என்றே எடுத்துக்கொள்ளும்படி டிஎஸ்எம்-5 சொல்கிறது.

நாஜி ஆட்சியில், ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஒரு நிலையத்துக்கு ஆஸ்பெர்ஜர் குழந்தைகளை அனுப்பியதைக் காட்டும் ஆவண ஆய்வு 2018இல் வெளியானது. அதன்பின் பலர் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பெயரின் வழியாகத்தான் தங்களைப் புரிந்துகொண்டோம் என்பவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அது அவரவர் விருப்பம்.

2. மாஸ்கிங்னா என்ன? எல்லாருமே வெளியில ஒரு மாதிரி, வீட்ல ஒரு மாதிரிதானே இருக்கோம்?

மேனேஜரிடம் அடக்கமாகவும் நண்பர்களிடம் கலகலப்பாகவும் இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். அது யோசிக்காமல் வரும். முடிந்தபின் இருட்டறையில் படுக்க வேண்டியிருக்காது. மாஸ்கிங் என்பது ஆட்டிசம் வெளியே தெரியாதபடி முகமூடி போட்டுக்கொள்வது. அதில் ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு நடக்கிறது. எதிரே இருப்பவரின் புருவத்துக்கு நடுவே மூன்று விநாடி, மேசைமேல் ஒரு விநாடி என்று பார்வையைப் பங்கிடுவது. மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் தானும் சிரிப்பது. கையை உதறத் தோன்றும்போது அடக்கிக்கொண்டு ஷூவுக்குள் கால்விரலை மடக்குவது. ஒரு போன் போடுவதற்கு முன் "ஹலோ" முதல் "வெச்சிடறேன்" வரை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் என்ன சொல்கிறார் என்பதையும் பிடித்தாக வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: இயல்பாக வராததற்கு மாற்று வழி கற்றுவைப்பது, இயல்பாக வருவதை மறைப்பது, ஒட்டாத இடத்திலும் கலந்துவிட்டதுபோல் இருப்பது.

3. நான் மாஸ்க் பண்றேனா இல்லையான்னு எனக்கே எப்படித் தெரியும்?

2018இல் லாரா ஹல்லும் சக ஆராய்ச்சியாளர்களும் வெளியிட்ட கேட்-க்யூ என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்தம் 25க்கும் 175க்கும் இடையே வரும். மொத்தத்தைவிட, மேலே சொன்ன மூன்று பிரிவுகளில் எது உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இது ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் அல்ல. கூச்சமும் சமூகப் பதற்றமும் உள்ளவர்களுக்கும் மதிப்பெண் ஏறும்.

ஐந்து வயதிலிருந்தே செய்துவருகிறவர்களுக்கு, தாங்கள் எதையோ செய்கிறோம் என்பதே உறைக்காது. அவர்கள் பின்னாலிருந்து தேட வேண்டும். ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்தபின் பேசியதை வரிவரியாக ஓட்டிப் பார்க்கிறீர்களா? எதிர்பாராமல் காலிங் பெல் அடித்தால், திறப்பதற்குள் முகத்தைத் தயார் செய்கிறீர்களா? மிகவும் பிடித்தவரைச் சந்தித்தாலும் மறுநாள் ஓய்வு தேவைப்படுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மாஸ்கிங் இருக்க வாய்ப்பு அதிகம்.

4. ஆபீஸ்ல நல்லாத்தான் இருக்கேன். வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கவே முடியல. வீட்டாள் மேல வெறுப்பான்னு கேக்கறாங்க.

வெறுப்பு இல்லை, தீர்ந்துபோவது. கண், முகம், குரல், கை எல்லாவற்றையும் ஒன்பது மணி நேரம் யோசித்து யோசித்து இயக்கியபின் பேச்சு நின்றுவிடுகிறது. இதை ஷட்டவுன் என்பார்கள். கத்தலாகவோ அழுகையாகவோ வெளியே வந்தால் மெல்ட்டவுன். பாதுகாப்பான இடம் வரும்வரை பலர் அடக்கிவைப்பார்கள், அதனால்தான் பெரும்பாலும் வீட்டில் நடக்கிறது.

வந்த முதல் 45 நிமிடம் கேள்வி இல்லை என்று வீட்டில் பேசிவையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, உடை மாற்றி, தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கலாம். சாப்பாடு வேண்டுமா என்பதுபோன்ற அவசியக் கேள்வியை வாட்ஸப்பில் கேட்கச் சொல்லுங்கள். பேச முடியாதபோதும் பலருக்குத் தட்டச்ச முடியும்.

5. பையன் ஸ்கூல்ல தங்கம்னு மிஸ் சொல்றாங்க. வீட்ல பையைத் தூக்கி எறியறான். நாங்கதான் சரியா வளர்க்கலையா?

வளர்ப்புக் கோளாறு இல்லை. 4ஆவது பதிலில் சொன்னதேதான் சிறு உடம்பில் நடக்கிறது. மிஸ் சொல்வதும் பொய்யில்லை. அவர் பார்ப்பது முகமூடியை மட்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வெடித்த நேரம், அன்று பள்ளியில் என்ன விசேஷம் (ஆண்டுவிழா ஒத்திகை, டீச்சர் மாற்றம், தேர்வு), மதியம் டிபன் பாக்ஸ் காலியா, பாத்ரூம் போனானா. சாப்பிடாத, பாத்ரூம் போகாத நாள்களும் வெடிக்கும் நாள்களும் ஒன்றாக வருவது அடிக்கடி தெரியும். அந்த நோட்டோடு போனால் மிஸ்ஸிடம் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

வந்ததும் "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" வேண்டாம். டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

6. எது நான், எது நடிப்புன்னே தெரியல. எல்லாத்தையும் கழட்டிட்டா உள்ள யாருமே இல்லாத மாதிரி பயமா இருக்கு.

இதுவரை வந்த கேள்விகளில் மனதை மிகவும் வருத்துவது இதுதான். அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

உள்ளே முழுதாக ஒரு ஆள் ஒளிந்துகொண்டிருக்கிறார், முகமூடியைக் கழற்றினால் வெளியே வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு குழந்தைக்குச் சுயம் என்பது "எனக்கு இது வேணும்" என்று சொல்லி, அது ஏற்கப்பட்டோ மறுக்கப்பட்டோ, கொஞ்சம் கொஞ்சமாகத் திரள்வது. மற்றவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதிலேயே கவனம் முழுதும் போனவருக்கு அந்தப் பழக்கம் குறைவாகக் கிடைத்திருக்கிறது. பழக்கம் குறைந்ததை ஆளே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். போட்ட வேஷத்திலும் உங்கள் கை இருக்கிறது: எதை உற்றுப் பார்த்தீர்கள், யாரைப் பின்பற்றினீர்கள், எதைச் செய்ய மறுத்தீர்கள் என்பதெல்லாம் நீங்கள் தேர்ந்தவை.

"நான் யார்?" என்று உட்கார்ந்து யோசித்தால் பதில் வராது. சான்று சேர்க்க வேண்டும். நான்கு இடங்களில் தேடுங்கள். பத்து வயதுக்கு முன் மணிக்கணக்கில் என்ன செய்தீர்கள். பஸ் நம்பர் மனப்பாடமோ, எறும்பு பார்ப்பதோ, எதுவானாலும் எழுதுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாளில் என்ன செய்கிறீர்கள். நண்பர் வட்டம் நான்கு முறை மாறியும் மாறாமல் கூடவே வந்தது எது. யோசிப்பதற்கு முன்பே உடம்பு பதில் சொல்லிவிடும் விஷயங்கள் எவை (ஒரு துணியின் சொரசொரப்பு, ஒரு ராகம், ஒரு வாசனை). இவற்றில் இரண்டு இடங்களிலாவது வருவதை உங்களுடையது என்று துணிந்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பழகுவது. ஹோட்டலில் சர்வர் "இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை" என்று ஒப்பிக்கிறார். எதிரே இருப்பவர் பொங்கல் என்கிறார். உங்கள் வாயிலிருந்து "எனக்கும் அதே" வந்துவிடுகிறது. இனி ஒரு மாதத்துக்கு நீங்கள் முதலில் சொல்லுங்கள். தப்பான தோசையாகவே இருக்கட்டும், முதலில் சொல்லுங்கள். சட்டை, பஸ்ஸில் ஜன்னலோரம், ஃபேன் வேகம் என்று சின்ன விஷயங்களிலேயே நில்லுங்கள். வேலை, கல்யாணம், மதம் போன்ற பெரிய முடிவுகளை முதல் ஆறு மாதம் தொட வேண்டாம். ஆட்டிசம் தெரிந்த சூட்டில் எல்லாவற்றையும் நடிப்பென்று தள்ளிவிட்டு, பின்னால் அதில் பாதி தமக்கு உண்மையிலேயே பிடித்தது என்று தெரிந்து வருந்துகிறவர்கள் உண்டு.

7. "உனக்கு என்ன தோணுது?"ன்னு கேட்டா பதிலே வரமாட்டேங்குது. அப்புறம் எப்படி என்னைக் கண்டுபிடிக்கறது?

தன் உணர்ச்சியை அடையாளம் காணவும் பெயரிடவும் சிரமப்படுவதை அலெக்ஸிதைமியா என்கிறார்கள். 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது இருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. உணர்ச்சி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை; தாமதமாகவும் உடம்பு வழியாகவும் வருகிறது.

எனவே உணர்ச்சியின் பெயரைத் தேட வேண்டாம். நாளுக்கு மூன்று அலாரம் வையுங்கள். அடித்ததும் தாடை, தோள், வயிறு, மூச்சு நான்கையும் கவனித்து "இறுக்கம்" அல்லது "லேசு" என்று மட்டும் குறியுங்கள். பக்கத்தில் யார் இருந்தார், என்ன சத்தம், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று வாரத்தில் தாளைப் பார்த்தால் யாரோடு லேசாகிறீர்கள் என்று தெரியும். உடனே பதில் கேட்பவர்களிடம் "நாளைக்குச் சொல்றேன்" போதும். மறுநாள் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை நம்பமாட்டார்கள்.

8. யார்கூட இருக்கேனோ அவங்க மாதிரியே பேச ஆரம்பிச்சிடறேன். டாக்டர் பார்டர்லைன்னு எழுதிட்டார். எது சரி?

ஆட்டிசத்திலும், பார்டர்லைன் என்ற ஆளுமைக் கோளாறிலும் (உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் அலைவது) "நான் யார் என்று தெரியவில்லை" வரும். அதனால் குழப்பம் நேர்கிறது. பிரித்துப் பார்க்கச் சில தடயங்கள்: ஆட்டிசமானால் வேர் சிறுவயதிலேயே இருக்கும், சத்தம், வெளிச்சம், துணி உறுத்தல், ஒரே விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு, வழக்கம் மாறினால் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து வரும், தனிமையில் விட்டால் பெரும்பாலும் தெளிவார்கள். பார்டர்லைனில் கைவிடப்படுவோம் என்ற அச்சம் நடுவில் நிற்கும். தனிமை நிலைமையை மோசமாக்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் முடியும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "என் சிறுவயது வளர்ச்சி வரலாற்றையும் பார்க்க முடியுமா?" என்று அதே டாக்டரிடம் கேளுங்கள். மறுத்தால், பெரியவர்களின் ஆட்டிசம் பார்க்கும் இன்னொருவரிடம் போகலாம்.

9. டெஸ்ட் எடுத்தேன், இல்லைன்னு வந்துடுச்சு. நல்லா மாஸ்க் பண்ணினதாலயா?

இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்டிசத்தைக் கண்டறியப் பயன்படும் ஏடாஸ்-2 சோதனையில் பெரியவர்களுக்கான நான்காம் பகுதி, அமைதியான அறையில் ஒரே ஒருவரோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழகியவர் அந்த ஒரு மணி நேரத்தைத் தாக்குப்பிடித்துவிடுவார். இந்தியாவில் ஊனச் சான்றிதழுக்குப் பயன்படும் ஐஎஸ்ஏஏ அளவுகோலில் 40 அம்சங்கள். மொத்தம் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. கண்ணுக்குத் தெரியும் நடத்தையை வைத்தே மதிப்பெண் என்பதால், மறைக்கப் பழகியவர்கள் அதில் கீழே விழுவார்கள். சிறுவயதில் "சமத்துப் பொண்ணு" என்று பெயர் வாங்கிய பெண்கள் இப்படி அதிகம் தவறிப்போகிறார்கள்.

அடுத்த முறை நான்கைக் கொண்டுபோங்கள்: அம்மாவோ பெரியம்மாவோ சொல்லும் ஐந்து வயதுக்கு முந்தைய விவரங்கள், பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள், வீட்டு வீடியோ இருந்தால் அது, 3ஆவது பதிலில் சொன்னதுபோல் சந்திப்புக்குப் பின் என்ன ஆகிறது என்ற ஒரு பக்கம். உள்ளே போனதும் "நான் கண்ணைப் பார்க்கக் கற்றுவைத்திருக்கிறேன், உள்ளே என்ன செய்கிறேன் என்று கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கற்றுக்கொண்ட உத்திகள் அறிகுறிகளை மறைத்திருக்கக்கூடும் என்று டிஎஸ்எம்-5லேயே இருக்கிறது.

10. அப்போ மொத்தமா கழட்டிடலாமா?

வேண்டாம். வேலை, வாடகை வீடு, சில சமயம் உடல் பாதுகாப்பு எல்லாம் முகமூடியை நம்பி நிற்கும். ஒரு வாரம் பட்டியல் போடுங்கள்: எங்கே, யாரிடம், என்ன செய்தீர்கள், களைப்பு 10க்கு எத்தனை, தெளிய எவ்வளவு நேரம் ஆனது. களைப்பு அதிகம், பலன் குறைவு என்பவற்றை முதலில் விடுங்கள். களைப்பு குறைந்து பலன் இருப்பவை (கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை போன்றவை) இருந்துவிட்டுப் போகட்டும். பாதுகாப்புக்கானவற்றைத் துணை கிடைக்கும்வரை தொடாதீர்கள்.

உடம்பில் தொடங்குவது எளிது. கை உதறல், ஆடிக்கொண்டே கேட்பது, கண்ணைப் பார்க்காமல் பேசுவது, காதடைப்பான். அடுத்து பேச்சு: "புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க", "யோசிச்சு சொல்றேன்". கருத்து வேறுபாட்டை வெளியே சொல்வது கடைசியில் வரட்டும். ஒரு நேரத்தில் ஒன்று, ஒருவரிடம், இரண்டு வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் சுற்றியிருப்பவர்கள் மிரண்டுபோவார்கள், நீங்கள் பழையபடி இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்வீர்கள்.

11. கல்யாணம், காதுகுத்துன்னு போனா மாமா, சித்தி எல்லாம் "ஏன் வாயே திறக்க மாட்டேங்கற"ன்னு பிடிச்சுக்கறாங்க. என்ன பண்றது?

ஏதாவது வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். மொய் எழுதும் மேசை சிறந்த இடம்: பெயர், ஊர், தொகை என்று பேச்சுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, தலை குனிந்திருக்கலாம், எல்லோரையும் பார்த்ததாகவும் ஆகிவிடும். பந்தியில் தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. ஸ்பீக்கருக்கும் நாதஸ்வரத்துக்கும் எதிர் மூலையில் உட்காருங்கள்; கெட்டிமேளத்துக்குக் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். தாலி கட்டி முடிந்து, சாப்பிட்டதும் கிளம்புவோம் என்று போகும்போதே வீட்டில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

12. ஆபீஸ்ல சொல்லிடலாமா?

பெயரைச் சொல்வதற்கு முன் தேவையைக் கேட்டுப் பாருங்கள். "வாய்ல சொன்னா விட்டுப்போகுது, மெயில்ல அனுப்பிடறீங்களா?", "மீட்டிங்ல கேமராவை அணைச்சு வெச்சுக்கறேன்", "ஓரத்து சீட் கிடைக்குமா?" இதற்கெல்லாம் சான்றிதழ் தேவையில்லை. மேனேஜர் இவற்றை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே பெயரைச் சொல்லலாமா என்பதற்கு நல்ல சோதனை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகை ஊனங்களில் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் வேண்டும். அங்கே 9ஆவது பதிலில் சொன்ன சிக்கல் குறுக்கே வரலாம். தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்கள் எச்ஆரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

13. வீட்ல பொண்ணு பாக்கறாங்க. முன்னாடியே சொல்லணுமா?

சொல்ல வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பெண் பார்க்கும் இரண்டு மணி நேரத்துக்கு முகமூடி தாங்கும். ஒரே வீட்டில் இருபத்துநாலு மணி நேரத்துக்குத் தாங்காது. அதைக் கழற்ற இடமே இல்லாமல்போகும். தரகரிடமும் பெரியவர்களிடமும் சொல்லி அனுப்பாமல், இரண்டு மூன்று முறை பேசியபின் அவரிடமே நேராகச் சொல்லுங்கள். பெயரோடு நிறுத்தாமல் அன்றாடம் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்: வேலை முடிந்து வந்தால் பேசமாட்டேன், திடீர் விருந்தாளி வந்தால் தடுமாறுவேன், சொன்னால் செய்துவிடுவேன், ஜாடையாகச் சொன்னால் பிடிபடாது. பெண்களுக்கும் இதே பதில்தான், ஆனால் விஷயம் ஊரெல்லாம் பரவும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். நம்பகமான ஒருவர் கூட இருக்கட்டும்.

14. "தெரியறதுக்கு முன்னாடி நல்லா இருந்தே, இப்பத்தான் ஓவரா பண்றே"ன்னு அம்மா சொல்றாங்க.

முன்பும் இருந்தது, அம்மா பார்க்கும்படி இல்லை. அடக்குவதை நிறுத்தியதும் அசைவு கண்ணில் படுகிறது. சத்தம் தாங்கமுடியவில்லை என்று இப்போது வாயால் சொல்கிறீர்கள். சில மாதங்களுக்கு உங்களுக்கே முன்னைவிடத் தாங்கும் சக்தி குறைந்ததுபோல் தெரியும். அம்மாவிடம் வாதம் வேண்டாம். "முன்னாடி ஞாயிற்றுக்கிழமை முழுக்க படுத்தே கிடப்பேனே, இப்ப இல்லையே" என்று அவர் கண்ணால் கண்ட ஒன்றைக் காட்டுங்கள்.

15. மாசக்கணக்கா எதுவுமே முடியல. முன்னாடி சமைப்பேன், இப்ப அடுப்பையே பத்த வைக்க முடியல. இது டிப்ரஷனா?

ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்டாக இருக்கலாம். 2020இல் வந்த ஓர் ஆய்வு மூன்று அடையாளங்களைச் சொன்னது: மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் நீளும் களைப்பு, முன்பு தெரிந்த வேலை கைவிட்டுப்போவது, சத்தம் வெளிச்சம் தாங்கமுடியாமல் போவது. டிப்ரஷனில் ஆசையே வற்றிவிடும். பர்ன்அவுட்டில் ஆசை இருக்கும், உடம்பு வராது. சேர்ந்தும் வரும் என்பதால் டாக்டரைப் பாருங்கள். "வெளியே போங்க, நாலு பேரோட பழகுங்க" என்ற அறிவுரை பர்ன்அவுட்டை மோசமாக்கக்கூடும். இதை டாக்டரிடமே சொல்லுங்கள். மாஸ்க் தேவைப்படும் சந்திப்புகளைப் பாதியாக வெட்டுவதுதான் முதல் மருந்து.

மாஸ்கிங் அதிகமானவர்களிடம் தற்கொலை எண்ணமும் அதிகம் என்று 2018 முதல் ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பேச்சு வராவிட்டால், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்து வாசியுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

16. பத்து வருஷம் கழிச்சு மனைவிகிட்ட சொன்னேன். "அப்போ இத்தனை நாளும் என்கிட்ட நடிச்சீங்களா?"ன்னு அழறா. என்ன சொல்றது?

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "நடிக்கல" என்று ஒரே போடாக மறுக்காதீர்கள். அவர் ஆட்டிசத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அன்பு உண்மையா என்று கேட்கிறார். 6ஆவது பதிலில் சொன்ன தேடலை இதற்கும் செய்யுங்கள். எது பொய், எது மெய் என்று பிரித்துச் சொல்லுங்கள்: "உன் அண்ணன் வீட்டு விசேஷத்துல சிரிச்சது கஷ்டப்பட்டுச் சிரிச்சது. நீ தூங்கினப்புறம் உன் பக்கத்துல உட்கார்ந்து படிச்சது எனக்குப் பிடிச்சுப் பண்ணினது." இப்படி ஐந்தாறு நிஜமான நிகழ்வுகளை எழுதிக்கொண்டு போங்கள். நேரில் பேச வராவிட்டால் கடிதமாகக் கொடுங்கள்.

அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும்: உங்கள் மௌனத்தைத் தன் குற்றமென்று சுமந்த வருடங்கள். அதைக் கேளுங்கள், குறுக்கே விளக்கம் சொல்லாமல் கேளுங்கள். 10ஆவது பதிலில் சொன்ன பட்டியலை அவரோடு உட்கார்ந்து போடுவது நல்லது. எதை முதலில் விடலாம் என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கட்டும். அவர் "சிரிக்கவேண்டாம், வந்து உட்கார்ந்தா போதும்" என்று சொல்லக்கூடும்.